சிறு படகுக்கு எப்போது வரும் அபாயச் சமிக்ஞைக் கருவி?

2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து கண்காணிப்புப் பணிக்குப் புறப்பட்ட கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம், மூன்று அதிகாரிகளுடன் இரவில் சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலில் மறைந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் தேடினார்கள். கடைசியில் வழிகாட்டியது, விமானத்தின் கருவி கடலடியிலிருந்து எழுப்பிய மெல்லிய ஒலி. சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் அதைக் கேட்டது. சுமார் 950 மீட்டர் ஆழத்திலிருந்து சிதைவுகள் மீட்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 அதே வங்கக் கடலில் காணாமல்போனது. கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் வாரக்கணக்கில் தேடின. எந்தச் சமிக்ஞையும் எட்டவில்லை. பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி எடுத்த படங்களில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தெரிகின்றன என்று 2024 ஜனவரியில்தான் அரசு அறிவித்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவு, ஏழரை ஆண்டுகள். கடலின் ஆழமும் தொலைவும் வேறு வேறு என்பது உண்மை. ஆனால் ஒரு தேடலை ஒரு மாதத்திலும் இன்னொன்றை ஏழரை ஆண்டிலும் முடித்துவைத்ததில், ஒரு கருவியின் ஒலி கேட்டதற்கும் கேட்காததற்கும் பெரும் பங்கு உண்டு.

அந்த இரண்டு விமானங்களும் அரசினுடையவை. ஆகவே அரசு தன் முழு பலத்தோடு தேடியது. அதே கடலில், சென்னைக் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பம், முள்ளிமா நகர், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டி ஊரூர்க் குப்பம், ஆல்காட் குப்பம், ஓடைக்குப்பம் என்று வரிசையாக உள்ள ஊர்களிலிருந்து விடியும் முன்னே ஃபைபர் படகுகள் இறங்குகின்றன. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வீடுகள் பலவற்றுக்கு மீன் தருவது இந்தப் படகுகள்தான். முப்பது அடி நீளம்கூட இல்லாத படகு, நான்கைந்து பேர், ஓர் இன்ஜின். துறைமுகம் கிடையாது, அலையை வெட்டித்தான் உள்ளே போக வேண்டும், அலையேறித்தான் திரும்ப வேண்டும். கடலுக்குப் போகும் கலங்களில் ஆபத்து மிகுந்தது இதுதான். அபாயச் சமிக்ஞைக் கருவி கடைசியாகப் போய்ச் சேர்வதும் இதற்குத்தான். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: கருவி யாருக்கு முதலில் என்பதைக் கலத்தின் நீளமோ விலையோ தீர்மானிக்கக் கூடாது, அதில் போகிறவருக்கு உள்ள ஆபத்து தீர்மானிக்க வேண்டும்.

சமிக்ஞைக் கருவியின் வரலாறே சிறு கலங்களிலிருந்து தொடங்கியதுதான். 1967-ல் கலிஃபோர்னியா மலைகளில் விழுந்த ஒரு சிறு விமானத்தில் உயிர் தப்பியவர்கள், யாராவது வருவார்கள் என்று ஏறத்தாழ இரண்டு மாதம் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்து மடிந்தார்கள்; அந்த விமானம் கண்டுபிடிக்கப்பட்டது அரையாண்டுக்குப் பிறகு. 1972-ல் அலாஸ்காவில் இரண்டு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களோடு மறைந்த செஸ்னா இன்றுவரை கிடைக்கவில்லை. இத்தகைய இழப்புகளின் அழுத்தத்தில் சிறு விமானங்களில் கருவி கட்டாயமானது. அதன் சமிக்ஞையை விண்ணிலிருந்து கேட்க, பனிப்போரின் நடுவிலேயே சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் கனடாவும் பிரான்ஸும் சேர்ந்து காஸ்பாஸ்-சர்சாட் என்ற செயற்கைக்கோள் அமைப்பை உருவாக்கின. 1982 செப்டம்பரில் அது காப்பாற்றிய முதல் மூவரும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தில் இருந்தவர்கள். இந்தியாவும் இந்த அமைப்பில் பங்கேற்கிறது. பெங்களூருவிலும் லக்னோவிலும் தரை நிலையங்கள் உள்ளன. இஸ்ரோவின் பெங்களூரு மையம் இந்தியாவுக்கு மட்டுமல்லாமல் இலங்கை, மாலத்தீவு உள்ளிட்ட அண்டை நாடுகளுக்கும் அபாயச் செய்திகளைப் பிரித்து அனுப்புகிறது. அதாவது, விண்ணில் கேட்கும் காது நமக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது.

கருவி வைத்திருந்தால் மட்டும் போதாது, காலத்துக்கேற்ப அதை மாற்றவும் வேண்டும் என்பதையும் சிறு விமானங்களின் கதையே காட்டுகிறது. பழைய கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வெறும் ஓசையை மட்டும் அனுப்பின. யார், எந்தக் கலம் என்ற விவரம் அதில் இல்லை. இடத்தையும் இருபது கிலோமீட்டர் பிசகோடுதான் சொல்ல முடிந்தது. வந்த எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை பொய்யானவை. 2009 பிப்ரவரி 1 முதல் அந்த அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை நிறுத்திக்கொண்டன. புதிய 406 மெகாஹெர்ட்ஸ் கருவி எண்ணிம முறையில் தன் அடையாள எண்ணையும், ஜிபிஎஸ் இணைந்திருந்தால் நூறு மீட்டர் துல்லியத்தில் தன் இருப்பிடத்தையும் அனுப்பும். இருந்தும் அமெரிக்காவில் தனியார் சிறு விமானங்கள் பழைய கருவியை வைத்துக்கொண்டே பறக்கச் சட்டம் இன்றும் இடம் கொடுக்கிறது. செயற்கைக்கோள் கேட்காத கருவி, சட்டத்தின் கண்ணில் கருவியாகவே தொடர்கிறது. கனடா வேறு வழியை எடுத்தது: 2020 நவம்பரில் விதி கொண்டுவந்து, வணிக விமானங்களுக்கு ஓராண்டும் பொழுதுபோக்கு விமானங்களுக்கு ஐந்தாண்டும் அவகாசம் கொடுத்து, அனைவரையும் 406-க்கு மாறச் சொன்னது. மாற்றத்துக்குத் தேதி குறிப்பதுதான் அரசின் வேலை. தேதி இல்லாத பரிந்துரை கலத்துக்குள் ஏறுவதில்லை.

பொருத்தும் விதமும் உயிர்ப் பிரச்சினை. 2010 ஆகஸ்டில் அலாஸ்காவில் முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் சென்ற விமானம் மலைச்சரிவில் மோதியது. அதில் புதிய 406 கருவி இருந்தது, அது இயங்கவும் செய்தது. ஆனால் மோதலில் தன் பிடியிலிருந்து கழன்று, ஆன்டெனாவின் இணைப்பு அறுந்துபோனதால் சமிக்ஞை வெளியே போகவில்லை. உயிரோடு இருந்த நால்வர் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அதன்பின் 2015-ல் நாசா மூன்று செஸ்னா விமானங்களை உயரத்திலிருந்து விழவைத்து, பட்டையும் கம்பியும் ஆன்டெனாவும் எப்படிப் பொருத்தப்பட வேண்டும் என்று சோதித்தது. இந்த அக்கறை நம் படகுகளுக்கும் தேவை. 406 மெகாஹெர்ட்ஸ் அலை கடல்நீரை ஊடுருவாது. கவிழ்ந்த படகின் அடியில் மாட்டிக்கொண்ட கருவி, இல்லாத கருவிக்குச் சமம். கவிழ்ந்த ஃபைபர் படகு பெரும்பாலும் உடனே மூழ்கிவிடாது. அதன் அடிப்பகுதியைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் மிதந்து பிழைத்தவர்கள் உண்டு. அந்த நிலையில் கைக்கு எட்டும் இடத்தில், கயிற்றோடு தானே மிதந்து, ஆன்டெனா மேல்நோக்கி நிற்கிற கருவிதான் பயன்படும். விசைப்படகின் கூரையில் திருகிவைக்க வடிவமைத்த பெட்டியை, கூரையே இல்லாத படகுக்கு அப்படியே கொடுத்துவிட்டுத் திட்டம் நிறைவேறியது என்று கணக்கு எழுத முடியாது.

மீனவர்களுக்கென்று இந்தியா எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. இஸ்ரோ உருவாக்கிய டாட் என்ற அபாய எச்சரிக்கைக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை படகுகளில் உள்ளன என்கிறது இஸ்ரோ. பொத்தானை அழுத்தினால் செய்தி செயற்கைக்கோள் வழியே பெங்களூரு மையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கும் போகும். ஆனால் அது ஒருவழிப் பாதை. அழுத்தியவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் நூற்றுக்கணக்கான மீனவர்களைக் கொண்டுபோனபோது, இதற்கு எதிர்த்திசையிலான குறையும் தெரிந்தது: கரையில் புயல் எச்சரிக்கை வந்துவிட்ட பிறகும், ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்ல வழியில்லை. அதன்பின் 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. அது எச்சரிக்கையைப் பெறும், பதில் அனுப்பாது. ஒரு கருவிக்கு வாய் மட்டும், இன்னொன்றுக்குக் காது மட்டும். 2024 ஜனவரியில் இஸ்ரோ கொண்டுவந்த இரண்டாம் தலைமுறை டாட் இந்த இரண்டையும் சேர்த்தது. செய்தி கிடைத்தது, உதவி வருகிறது என்ற பதில் படகுக்கே திரும்பி வரும்; கைபேசியோடு இணைத்துத் தாய்மொழியில் படிக்கலாம். நீரில் தத்தளிப்பவருக்கு இந்தப் பதிலின் மதிப்பு பெரிது. படகை விட்டு நீந்திப் பார்க்கலாமா, பற்றிக்கொண்டு காத்திருக்கலாமா என்ற உயிர்போகும் முடிவை அவர் அதை வைத்துத்தான் எடுப்பார்.

குறை எங்கே என்றால், பங்கீட்டில். 2010-ல் எடுத்த மீனவர் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 1.94 லட்சம் மீன்பிடிக் கலங்கள் இருந்தன. அதன் பக்கத்தில் இருபதாயிரம் கருவிகளை வைத்துப் பார்த்தாலே இடைவெளி தெரியும். மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்திப் பயன்படுத்தியதால், 2008-க்குப் பிறகு படகுகளைப் பற்றிய அரசின் சிந்தனை முழுவதும் பாதுகாப்பை ஒட்டியே ஓடியது. இருபது மீட்டருக்கு மேற்பட்ட கலங்களுக்கு அடையாளக் கருவி கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில், இருப்பிடத்தைத் தொடர்ந்து சொல்லும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டமும் ஏறத்தாழ ஐயாயிரம் விசைப்படகுகளில்தான் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்த தேசியத் திட்டம் 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் கலங்களுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் தருகிறது. அதில் இயந்திரம் பொருத்திய சிறு படகுகளும் அடங்கும் என்பது நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு லட்சத்தைப் பங்கிடும்போது முன்னுரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி. காசிமேட்டு விசைப்படகில் வயர்லெஸ் இருக்கும், ஜிபிஎஸ் இருக்கும், மழை பெய்தால் ஒதுங்க ஓர் அறை இருக்கும். நொச்சிக்குப்பத்துப் படகில் இருப்பது பிளாஸ்டிக் பையில் சுற்றிய கைபேசி.

சிறு படகுக்கே முதலில் கருவி என்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் முதலாவது, ஃபைபர் படகுகள் கரையோரமாகத்தானே போகின்றன, கைபேசி போதாதா என்பது. 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை பாரம்பரிய மீனவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. ஆனால் கரையோரத்தில் மீன்பாடு குறைந்த பிறகு, ஒதுக்கிய எல்லைக்குள் மட்டும் இருந்து பிழைக்க முடியாமல் அவர்கள் வெகுதூரம் உள்ளே போகிறார்கள். கரையை விட்டு விலக விலகக் கைபேசிக்குச் சிக்னல் மெலிகிறது. படகு கவிழ்ந்தால் முதலில் நனைவதும் அதுதான். இன்ஜின் நின்றுபோன படகு கரைக்கு அருகிலேயே நிற்பதும் இல்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் ஓடும் நீரோட்டத்தில் பத்து மணி நேரம் படகு அடித்துச் செல்லப்பட்டால், அது பத்துக் கடல் மைல், அதாவது பதினெட்டரைக் கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். திசை தெரியாவிட்டால், அந்த ஆரத்தில் வரையும் வட்டத்தின் பரப்பு சுமார் 1,077 சதுர கிலோமீட்டர். பெருநகரச் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. இரண்டரைச் சென்னையில் முப்பதடிகூட இல்லாத ஒரு படகைத் தேட வேண்டும். காற்றும் நீரோட்டமும் சேர்ந்தால் பரப்பு இன்னும் விரியும். இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்லும் கருவி ஒன்று இருந்தால், தேடல் என்ற கட்டமே ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். போய் ஏற்றிக்கொண்டு வருவது மட்டுமே மிச்சம்.

இரண்டாவது எதிர்ப்பு மீனவர்களிடமிருந்தே வருகிறது. அதை அதிகாரிகள் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. எங்கே போகிறோம், எங்கே வலை போடுகிறோம் என்பதை ஒவ்வொரு நிமிடமும் அரசு பார்த்துக்கொண்டிருக்கும் கருவி எதற்கு என்பது அவர்கள் கேள்வி. எல்லை தாண்டியதாக வழக்கு வருமோ, மானியம் நிற்குமோ, மீன் கிடைக்கும் இடம் அடுத்தவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் கற்பனையில் பிறந்ததில்லை. இங்கேதான் இரண்டு வகைக் கருவிகளை அரசு தெளிவாகப் பிரித்துப் பேச வேண்டும். டிரான்ஸ்பாண்டர் தொடர்ந்து இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அபாயச் சமிக்ஞைக் கருவி, அழுத்தும்வரை எதையும் சொல்லாது. கண்காணிப்புக்கும் உயிர்காப்புக்கும் ஒரே பெட்டி போதும் என்று நிர்வாகம் நினைப்பதில் செலவு மிச்சம் இருக்கலாம். ஆனால் கண்காணிப்பைப் பிடிக்காதவர் அந்தப் பெட்டியை அணைத்துவைப்பார், அன்றைக்கே படகு கவிழ்ந்தால் உயிர்காப்பும் சேர்ந்து அணைந்திருக்கும். ஆகவே டிரான்ஸ்பாண்டரை ஏற்றாலும் மறுத்தாலும், அழுத்தினால் மட்டும் பேசும் கருவி ஒவ்வொரு ஃபைபர் படகிலும் தனியாக இருக்க வேண்டும். அதில் பதிவாகும் எந்தத் தகவலும் மீட்புப் பணிக்கன்றி வேறெதற்கும் பயன்படாது என்ற உறுதிமொழி, வாய்வார்த்தையாக இல்லாமல் அரசாணையாக வர வேண்டும்.

பொய் எச்சரிக்கைகள் பெருகி, கடலோரக் காவல்படை அலைக்கழிக்கப்படும் என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. பழைய அலைவரிசையின் நோய் அது, ஏனென்றால் அழுத்தியவர் யாரென்று அதில் தெரியாது. அடையாள எண்ணோடு வரும் எச்சரிக்கையை ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்துவிடலாம்: படகு கரையில் கட்டியிருக்கிறதா, கடலில் இருக்கிறதா? ஆனால் இந்தப் பதில் செல்லுபடியாக ஒரு நிபந்தனை இருக்கிறது. பதிவு சரியாக இருக்க வேண்டும். படகு கைமாறும்போது கருவியின் பதிவும் மாற வேண்டும். எண் மாறினால் புதிய எண் ஏற வேண்டும். படகுகளைப் பதிவுசெய்ய ரியல்கிராஃப்ட் என்ற இணையத்தளம் ஏற்கெனவே இருக்கிறது. கருவியின் அடையாள எண்ணை அதனோடு இணைத்து, உரிமம் புதுப்பிக்கும்போதெல்லாம் தொடர்பு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்தால் போதும்.

செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். தேசியத் திட்டத்தின் தொகையை வகுத்தால் ஒரு கலத்துக்கு ஏறத்தாழ 36,400 ரூபாய் வருகிறது. ஒரு கப்பலும் ஒரு விமானமும் நாட்கணக்கில் கடலைச் சல்லடை போடுவதற்கு ஆகும் எரிபொருளையும் ஆள்நேரத்தையும் இதனோடு ஒப்பிட்டால், இதைச் செலவு என்று சொல்லவே மனம் வராது. கணக்கில் ஏறாத இழப்பு வேறு இருக்கிறது. உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கருத, பொதுச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் ஒரு பெண் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். பேரிடர் நேரத்தில் அரசு இந்த விதியைத் தளர்த்துவது உண்டு. தனியொரு படகு கவிழ்ந்த குடும்பத்துக்கு அந்தச் சலுகை எளிதில் கிடைப்பதில்லை. உயிரைக் காப்பாற்ற முடியாமற்போன நாளிலும், எங்கே போனார் என்ற விடையையாவது அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கக் கருவியால் முடியும்.

உண்மையில், கடலில் படகு கவிழ்ந்தால் முதலில் போய்ச் சேர்வது பெரும்பாலும் பக்கத்துப் படகுதான். வன்னி, தெண்டி என்று நீரோட்டத்தைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள், காற்று மாறினால் படகு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று ஊகிக்கத் தெரிந்தவர்கள் குப்பத்தில் இருக்கிறார்கள். இதனால் கருவியே தேவையில்லை என்று சிலர் முடிவுகட்டுவதை ஏற்க முடியாது. எச்சரிக்கை யாருக்குப் போக வேண்டும் என்பதைத்தான் இந்த உண்மை சொல்கிறது. இப்போதைய ஏற்பாட்டில் செய்தி விண்ணுக்குப் போய், பெங்களூருவுக்கு இறங்கி, சென்னையில் உள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தை அடைகிறது. அந்த மையத்துக்கு 2024 ஆகஸ்டில் புதிய கட்டடமே திறக்கப்பட்டது; 1554 என்ற எண்ணும் இருக்கிறது. அங்கிருந்து கப்பல் புறப்படும் அதே நிமிடத்தில், கவிழ்ந்த படகின் இருப்பிடம் அந்தந்தக் குப்பத்தின் ஊர்ப் பஞ்சாயத்துக்கும், அருகில் இருக்கும் படகுகளுக்கும் தமிழில் போக வேண்டும். இரண்டாம் தலைமுறை டாட் கருவி கரையிலிருந்து வரும் செய்தியைப் பெறவும் வல்லது என்பதால், அருகில் இருக்கும் படகுகளுக்குச் சொல்லத் தொழில்நுட்பத்தில் தடை இருக்கக் காரணமில்லை. நொச்சிக்குப்பம் லூப் சாலையில் 2024-ல் திறந்த மீன் அங்காடியில் ஒரு பலகை நிறுத்தி, கருவியை எப்படி அழுத்துவது, தவறி அழுத்தினால் எப்படி நிறுத்துவது என்று வாரம் ஒரு மணி நேரம் காட்டினால், அதைக் கற்றுக்கொள்ளத் தனிக் கூட்டம் கூட்ட வேண்டியதில்லை.

கருவியைக் கொடுத்த பிறகு அதை மறந்துவிடும் பழக்கத்தைத்தான் அதிகம் அஞ்ச வேண்டியிருக்கிறது. எந்த அபாயக் கருவியின் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். விநியோக விழாவுக்கு வந்த அதிகாரி மூன்றாம் ஆண்டில் வேறு மாவட்டத்தில் இருப்பார். ஆகவே பேட்டரி மாற்றும் பொறுப்பு படகுக்காரர் தலையில் விழாமல், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒவ்வொரு செப்டம்பரிலும் மீன்வளத் துறையின் ஊழியர் கடற்கரைக்கே வந்து சோதித்து மாற்றும் ஏற்பாடாக இருக்க வேண்டும்; அதற்கான தொகை திட்டத்தின் முதல் ஆண்டிலேயே ஒதுக்கப்பட வேண்டும். தென்சென்னைக் குப்பங்களில் இதை முதலில் தொடங்கலாம். மீட்பு மையமும், கடலடியில் விமானத்தைக் கண்டுபிடித்த நிறுவனமும் இந்த ஊர்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பதிவுப் படிவம் தமிழிலேயே இருக்கட்டும். அதில் அவசரத் தொடர்புக்கு இரண்டு எண்கள் கேட்கப்பட வேண்டும்: ஒன்று வீட்டினுடையது, இன்னொன்று, நள்ளிரவிலும் யாராவது எடுக்கிற குப்பத்து எண்.